கொட்டியதை அள்ளும் கடன்

கனரக லாரி ஒன்று நெடுஞ்சாலையில் கவிழ்ந்து, அதன் சரக்கும் எண்ணெயும் சாலையெங்கும் பரந்துவிட்டால், அவற்றை அள்ளிக் கழுவி, அந்தச் சாலையை மறுபடியும் மனிதர் அஞ்சாமல் செல்லத் தக்கதாகச் செய்யும் செலவு அரசாங்கத்தைச் சேர்ந்தது என்பதே, நம் நாட்டில் படித்தவரும் பாமரரும், அதிகாரிகளும் லாரித் தொழிலில் ஈடுபட்டோரும் ஒருங்கே கொண்டிருக்கும் அபிப்பிராயம். அந்தச் செலவுக்கென்று தனியே ஒரு காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், அதற்கு எதிராக நான்கு நியாயங்கள் உடனே எடுத்துரைக்கப்படுகின்றன. சாலை வரியும் சுங்கக் கட்டணமும் செலுத்துகிறவர்மேல் இன்னொரு செலவைச் சுமத்துவது அநீதி என்பது ஒன்று. மூன்றாம் நபர் காப்பீடு ஏற்கெனவே கட்டாயமாக இருக்கையில் மற்றொன்று வீண் என்பது இரண்டு. கடன் வாங்கி ஒற்றை லாரியை ஓட்டிப் பிழைக்கும் சிறு உரிமையாளர் இதனால் நசிந்துபோவார் என்பது மூன்று. நஷ்டத்தைப் பிறர் ஏற்பார் என்று தெரிந்தால் ஜாக்கிரதை குறைந்துவிடும் என்பது நான்கு. இவற்றைச் சொல்பவர்கள் சுயநலமிகள் அல்லர்; அவர்களில் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவர்களும், ஏழை உரிமையாளரின் கஷ்டத்துக்காக உண்மையாகவே வருந்துகிறவர்களும் உண்டு. ஆகையால் அந்தப் பூர்வபட்சத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துக்கொண்டு மறுப்பதே முறை. அப்படி மறுக்க முடியும் என்பதும், மறுத்தே ஆக வேண்டும் என்பதும் என் திடமான நம்பிக்கை.

முதலில் இந்தச் செலவு எத்தகையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில், நான்கு கூடை மணலைத் தூவினால் தீர்ந்துவிடும் காரியம் இது என்ற எண்ணமே மேற்சொன்ன நியாயங்கள் அனைத்துக்கும் அடியில் கிடக்கிறது. சரக்கைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டு, வண்டியின் எரிபொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரிய லாரியின் டீசல் தொட்டி 300 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும். அது உடைந்தால் ஓடும் டீசல் தார்ச்சாலையின் மேலே நிற்பதோடு அமைவதில்லை. தாரும் கச்சா எண்ணெயிலிருந்தே பிறந்த பொருளாகையால், டீசல் அதைக் கரைத்து இளக்கிவிடுகிறது. ஜல்லியைப் பிடித்திருந்த கட்டு தளர்ந்து, சில நாட்களில் கல் பெயர்ந்து, குழி விழுகிறது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாகத் தார் போட்டாலன்றி அது சாலை ஆகாது. அதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எண்ணெய் தங்கிய இடத்தில் முதல் மழை விழும்போது, பின்னிருக்கையில் குழந்தையோடு வரும் இருசக்கர வண்டிக்காரர் சறுக்கி விழுகிறார். அந்த விபத்து வேறொரு நாளில், வேறொரு வழக்கு எண்ணில் பதிவாவதால், அதற்கும் கவிழ்ந்த லாரிக்கும் உள்ள சம்பந்தம் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் எண்ணெய் மறைவதில்லை. சாலையோரக் கால்வாய் வழியே ஏரிக்கும், அங்கிருந்து வயலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேருகிறது. உறிஞ்சும் பொருளைத் தூவி, அது எண்ணெயைக் குடித்த பின் கூட்டியள்ளி, அபாயக் கழிவாகப் பாவித்து, அனுமதி பெற்ற இடத்துக்குக் கொண்டுசெல்வதே முறையான சுத்திகரிப்பு. ஓரத்து மண்ணில் அமிலமோ ரசாயனமோ இறங்கியிருந்தால், அந்த மண்ணையும் தோண்டியெடுக்க வேண்டும்.

சரக்கைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஆபத்தான சரக்கு என்றால் எரிவாயுவும் அமிலமும் மட்டுமே என்று நினைக்கிறோம். சமையலுக்கு உதவும் பாமாயிலும், சர்க்கரை ஆலையிலிருந்து வரும் கழிவுப்பாகும், நாமக்கல்லிலிருந்து புறப்படும் முட்டையும், சட்டத்தின் பார்வையில் சாதுவான சரக்குகளே. ஆயினும் அவை சாலையில் பரந்த மாத்திரத்தில் வழுக்குப் பாறைக்கு நிகராகின்றன. பாகு ஏரியில் கலந்தால் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடிகின்றன. இவ்வளவையும் கிரேன் கொண்டு தூக்கி, ஆள் வைத்து அள்ளி, போக்குவரத்தைத் திருப்பி, இரவெல்லாம் விளக்கேற்றிக் காவல் நின்று முடிக்கும் வேலைக்கு ஆகும் செலவு, லாரியின் உடைந்த பாகங்களைச் செப்பனிடும் செலவுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இனி முதல் ஆட்சேபணைக்கு வருவோம். வரியும் சுங்கமும் செலுத்திவிட்டோம் என்கிறார்கள். சாலை வரி வண்டியின் இனத்தையும், சுங்கம் அது சென்ற தூரத்தையும் சார்ந்து விதிக்கப்படுகின்றன. அவை சாலையைப் பயன்படுத்துவதற்கான விலை. சாலையில் கொட்டுவதற்கான விலையை எந்தச் சுங்கச்சாவடியும் வசூலிக்கவில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணை அழைத்தால் ரோந்து வண்டியும், ஆம்புலன்ஸும், கிரேனும் வரும் ஏற்பாடு இருப்பது உண்மை. மெச்சத் தக்க ஏற்பாடுதான். ஆனால் அது காயம்பட்டவரை எடுத்துச் செல்வதற்கும், வழியை அடைத்த வண்டியை ஓரம் கட்டுவதற்கும் அமைந்தது. பரந்த ரசாயனத்தை நடுநிலைப்படுத்துவதற்கோ, எண்ணெய் இறங்கிய மண்ணைத் தோண்டுவதற்கோ அமைந்ததன்று. மேலும், சுங்கத்திலிருந்தே அந்தச் செலவு நடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் கார்க்காரர் செலுத்திய பணத்தில், எங்கோ ஒரு வியாபாரியின் சரக்கு சிந்தியதைத் துடைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? விருந்து வைத்தவர் இலை எடுக்க வேண்டுமேயன்றி, தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வது வழக்கமன்று. தீயணைப்புத் துறை உடனே வந்து காப்பாற்ற வேண்டியது அதன் தர்மம். அதில் இரண்டாம் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் காரியத்தைச் செய்யும் கடமை வேறு, காரியத்தின் செலவை இறுதியில் தாங்கும் கடமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதனாலேயே, செலவை யாரிடம் கேட்பது என்று எழுந்திருக்க வேண்டிய கேள்வி நம்மிடையே எழவேயில்லை.

இந்தக் கேள்விக்கு விடை காண நாம் வேற்று நாட்டைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. வேலூர் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப் பிரதேசம் பாழ்பட்டது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் பிரகடனம் செய்தது. 2010இல் இயற்றப்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அதே கொள்கையைத் தன் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கிறது. பாலாற்றங்கரையில் ஓரிடத்தில் நிற்கும் தொழிற்சாலைக்கு ஒரு நீதியும், அதே தொழிற்சாலையின் ரசாயனம் சக்கரத்தின்மேல் ஏறிப் போகும்போது வேறொரு நீதியும் இருக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபணையே மற்றெல்லாவற்றிலும் வலியதாகக் கருதப்படுவது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 147ஆம் பிரிவில் மூன்றாம் நபரின் உயிருக்கும் உடலுக்கும் உடைமைக்கும் காப்பீட்டை வற்புறுத்துகிறது. உயிர்ச் சேதத்துக்கு அது உச்சவரம்பு வைக்கவில்லை; அது சட்டம் இயற்றியவர்களின் தயாள குணத்துக்குச் சான்று. ஆனால் உடைமைச் சேதத்துக்கு அது முதலில் எழுதிய வரம்பு 6,000 ரூபாய். பின்னர் காப்பீட்டுக் கட்டண விதிகள் வணிக வாகனங்களுக்கு இந்த வரம்பை 7,50,000 ரூபாய் வரை விரித்தன. கட்டணத்தில் சிறு கழிவு பெற்றுக்கொண்டு மறுபடியும் 6,000 ரூபாய்க்கே சுருக்கிக்கொள்ளும் விருப்பத்தையும் அவையே கொடுத்தன. 7,50,000 ரூபாய் பெரிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் மோதப்பட்ட கார், இடிந்த கடை, முறிந்த மின்கம்பம், வளைந்த தடுப்புச்சுவர் ஆகிய யாவும் அந்த ஒரே தொகையிலிருந்துதான் ஈடு பெற வேண்டும். சாலையைச் சுத்தம் செய்த செலவு அந்த வரிசையின் கடைசியில் வந்து நிற்கும்.

நிற்குமா என்பதே சந்தேகம். தடுப்புச்சுவர் உடைந்தால் அது உடைமைச் சேதம். அவசரமாக மணல் கொட்டியதும், போக்குவரத்தைத் திருப்பியதும், எண்ணெய் ஏரியில் கலக்காமல் வரப்புக் கட்டியதும் உடைமைச் சேதமா, அல்லது ஒரு துறை தன் கடமையைச் செய்ததால் ஆன செலவா? இது வெறும் தர்க்க விளையாட்டன்று என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் சாட்சி. அங்கே பார்ட்டோலைன் என்ற நிறுவனத்தின் தொழிற்சாலை 2003இல் தீப்பற்றியபோது, ரசாயனமும் தீயணைப்பு நுரையும் அருகிலிருந்த நீரோடைகளில் கலந்தன. அரசின் சுற்றுச்சூழல் முகமை அவற்றைச் சுத்தம் செய்துவிட்டு, 6,00,000 பவுனுக்கு மேற்பட்ட செலவை அந்நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் தன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை நம்பிச் சென்றபோது, சட்டப்படி ஏற்பட்ட சுத்திகரிப்புச் செலவு பிறருக்குச் செலுத்தும் நஷ்டஈடு ஆகாது, ஆகவே அந்தப் பாலிசி அதற்குப் பொறுப்பேற்காது என்று 2006இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுத்திகரிப்புச் செலவு வெளிப்படையாக எழுதப்படாத பாலிசியில், தேவைப்படும் நாளில் அது இல்லாமலே போகும் என்பதே அந்தத் தீர்ப்பு தரும் பாடம். நம் காப்பீட்டுச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தின் வழி வந்தது. அந்த வாதம் நம் நீதிமன்றங்களிலும் என்றேனும் எழுந்தே தீரும்.

அபாயச் சரக்குகளுக்கென்று 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்ததே என்று சிலர் நினைவூட்டுவர். போபால் துயரத்தின் பின்விளைவாகப் பிறந்த அச்சட்டம், தவறு யாருடையது என்ற விசாரணைக்குக் காத்திராமல் நிவாரணம் தர வேண்டும் என்ற உயர்ந்த கொள்கையை உடையது. அபாயப் பொருளை வாகனத்தில் கொண்டுசெல்வதையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் அது இயற்றப்பட்டபோது தனியார் உடைமைச் சேதத்துக்கு அதன் அட்டவணை வகுத்த நிவாரணமும் 6,000 ரூபாயே. மேலும் அது அறிவிக்கப்பட்ட பொருள்களுக்கு, அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்டால் மட்டுமே பொருந்துவது. பாமாயிலும், பாகும், லாரியின் சொந்தத் தொட்டியிலுள்ள டீசலும் அதன் கைக்கு எட்டாதவை. ஆகவே இருக்கின்ற காப்பீடே போதும் என்பவர்கள் இருக்கின்ற சட்டங்களின் பெயர்களைச் சொல்கிறார்களேயன்றி, அவற்றின் உள்ளடக்கத்தைச் சொல்வதில்லை.

மூன்றாவது ஆட்சேபணை இதயத்தைத் தொடுவது. சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் வளர்ந்தது பெருமுதலாளிகளால் அன்று. ஓட்டுநராக இருந்து, நகையை அடகு வைத்து, பைனான்ஸில் ஒரு வண்டி எடுத்து, தாமே ஓட்டி முன்னுக்கு வந்தவர்களால். 40 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமே ஆண்டுக்கு 44,242 ரூபாய் என்று 2022இல் நிர்ணயமாயிற்று. டயர் விலையும், டீசல் விலையும், மாதத் தவணையும் கழுத்தை நெரிக்கையில் இன்னொரு பிரீமியமா என்று அவர்கள் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர்களுடைய நன்மையை முன்னிட்டே நான் இதை வற்புறுத்துகிறேன். ஆயிரம் வண்டிகளில் ஏதோ ஒன்றுக்கே நேரக்கூடியதும், நேர்ந்தால் அந்த ஒன்றின் உரிமையாளரை அடியோடு சாய்த்துவிடக்கூடியதுமான நஷ்டத்துக்குத்தான் காப்பீடு என்ற ஏற்பாடே மனிதரால் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அந்த நஷ்டம் அவர்மேல் விழுவதில்லை என்பது ஒரு தற்காலிகச் சலுகை. எவரும் கேட்கவில்லை என்பதால் மட்டுமே அது நிலைத்திருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது சட்டமாகிவிட்ட நாட்டில், ஏதேனும் ஒரு நாள் ஏதேனும் ஓர் அதிகாரியோ தீர்ப்பாயமோ முழுச் செலவையும் கேட்டு ஓலை அனுப்பும்போது, 500 வண்டி வைத்திருக்கும் நிறுவனம் வழக்கறிஞரை வைத்து வாதாடும். ஒற்றை லாரிக்காரர் வண்டியை விற்பார். அவரைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் காப்பீட்டைத் தடுக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

பிரீமியத்தின் சுமை முழுவதையும் அவரே தாங்க வேண்டும் என்பதும் இல்லை. அமிலத்தை அனுப்புகிற ஆலையும், பெட்ரோலை அனுப்புகிற எண்ணெய் நிறுவனமும் தம் சரக்கின் தன்மைக்கு ஏற்ற பங்கை வாடகையோடு சேர்த்துத் தர வேண்டும் என்று விதி செய்யலாம். சரக்கின் குணத்தை அறிந்தவர் அனுப்புகிறவர். அதன் லாபத்தின் பெரும்பகுதியை அடைகிறவரும் அவரே. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அபாயச் சரக்கின் இயல்பையும் அவசர காலத்தில் செய்ய வேண்டியவற்றையும் ஓட்டுநருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஏற்கெனவே பணிக்கின்றன; அந்தத் தாளோடு காப்பீட்டுச் சான்றும் சேர்ந்து வருவதில் என்ன கஷ்டம்?

நான்காவது ஆட்சேபணையை விரைவாகவே கடந்துவிடலாம். காப்பீடு ஜாக்கிரதையைக் குறைக்கும் என்றால், செலவை முற்றிலும் அரசாங்கமே ஏற்கும் இன்றைய ஏற்பாடு அதை இன்னும் அதிகமாகவே குறைக்க வேண்டும். ஏனெனில் அதில் பிரீமியம் என்ற நினைவூட்டல்கூட இல்லை. காப்பீட்டு நிறுவனமோ, அதிக பாரம் ஏற்றிய வண்டிக்கும், விபத்து நேர்ந்த வண்டிக்கும், வால்வுகளைப் பரிசோதிக்காத டேங்கருக்கும் அதிகக் கட்டணம் கேட்கும். நஷ்டத்தில் முதல் சிறு பங்கை உரிமையாளரே ஏற்கச் செய்யும். கவனமாக ஓட்டுகிறவருக்கு அதனால் கட்டணம் குறையும். இன்றைய ஏற்பாட்டில் கவனமுள்ளவருக்கும் கவனமற்றவருக்கும் வித்தியாசமே இல்லை.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்று சொல்ல இயலாதபடி, இதைச் செய்து பார்த்த தேசமும் இருக்கிறது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், மாநில எல்லைகளைக் கடந்து சரக்கு ஏற்றும் கனரக வண்டி நிறுவனங்களின் பாலிசியோடு எம்.சி.எஸ்.-90 என்ற இணைப்புப் பத்திரம் சேர்க்கப்பட வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 7,50,000 டாலர், எண்ணெய்க்கு 10,00,000 டாலர், மிகக் கொடிய பொருள்களுக்கு 50,00,000 டாலர் என்று குறைந்தபட்ச அளவுகள் வகுக்கப்பட்டன. நம் சட்டங்களில் காணாத ஒன்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது: சிந்தியதை அகற்றும் செலவும், அதன் தீங்கு பரவாமல் தடுக்கும் செலவும், இயற்கை வளத்துக்கு நேர்ந்த நஷ்டமும் அதில் அடங்கும். பாலிசியின் நிபந்தனையை உரிமையாளர் மீறியிருந்தாலும், தீர்ப்பான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் செலுத்திவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள் என்ற இதே முறையை, விபத்தில் மாண்டவரின் குடும்பத்துக்காக நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைச் சாலைக்கும் ஏரிக்கும் விரிப்பதுதான் நாம் செய்ய வேண்டியது.

அந்நாட்டின் ஏற்பாடு குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். அங்கே வகுத்த தொகைகள் 1980களுக்குப் பின் உயர்த்தப்படவில்லை. 2023 ஜூன் 11ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பெட்ரோல் டேங்கர் ஒன்று பாலத்தின் அடியில் எரிந்து, ஐ-95 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தபோது, செலவு அந்தத் தொகைகளை வெகுதூரம் கடந்துவிட்டது. மத்திய அரசின் அவசர நிதி உதவிக்கு வர வேண்டியதாயிற்று. இது காப்பீட்டுக்கு விரோதமான சாட்சியன்று. நம் 6,000 ரூபாயைப் போலவே, காலத்தோடு உயராத வரம்பு காகிதமாகிவிடும் என்பதற்குச் சாட்சி.

காப்பீட்டால் விளையும் மிகப் பெரிய நன்மை பணம் திரும்பி வருவதன்று, ஆயத்தம் பிறப்பது. 2017 ஜூன் 25ஆம் நாள் பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே எண்ணெய் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. சிந்திய பெட்ரோலைக் குடங்களில் அள்ளுவதற்குக் கிராமத்தார் திரண்டார்கள். சிறிது நேரத்தில் அது தீப்பற்ற, 200க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது கவிழ்ந்த வண்டி மாத்திரம் அன்று. கவிழ்ந்த நேரத்துக்கும் எவரேனும் வந்து அந்த இடத்தை முறையாக வளைத்து அடைக்கும் நேரத்துக்கும் இடையிலிருந்த வெறுமையும்தான். 2025 ஜனவரி 3ஆம் நாள் விடியற்காலையில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் சமையல் எரிவாயுவோடு டேங்கர் கவிழ்ந்தபோது, தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சி நின்றார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது, போக்குவரத்து திருப்பப்பட்டது, உயிர்ச்சேதம் இன்றி வண்டி அப்புறப்படுத்தப்பட்டது. பெருநகரத்தின் நடுவில் நேர்ந்ததால் அவ்வளவு பேரும் உடனே வர முடிந்தது. அதே டேங்கர் இரவு 2 மணிக்கு ஆளரவமற்ற புறவழிச்சாலையில் கவிழ்ந்தால் அங்கே வந்து நிற்பவர் யார்? பயிற்சி பெற்ற சுத்திகரிப்புக் குழுக்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் இரவு பகலாக ஆயத்தமாக நிற்க வேண்டுமானால், செய்த வேலைக்குக் கூலி நிச்சயமாக வரும் என்ற உறுதி அவர்களுக்கு இருக்க வேண்டும். காப்பீடு அந்த உறுதியைத் தருகிறது. அரசாங்கத்தின் கருணை அதைத் தருவதில்லை. அந்த உறுதி இல்லாத இடத்தில், அருகிலுள்ள ஊராட்சியின் தூய்மைப் பணியாளர்தான் அழைத்துவரப்படுகிறார். கையுறையும் முகக்கவசமும் இன்றி, தாம் அள்ளுவது இன்னதென்று அறியாமல், துடைப்பத்தோடு அவர் இறங்குகிறார். செலவே இல்லை என்று நாம் எண்ணிக்கொள்ளும் இடத்தில், செலவு அவருடைய தோலிலும் நுரையீரலிலும் எழுதப்படுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இது. கனரகச் சரக்கு வாகனங்களின் கட்டாயக் காப்பீட்டில், சாலையையும் அதன் ஓரத்து மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யும் செலவு தனித் தலைப்பாக, உடைமைச் சேதத்தின் வரம்போடு கலவாமல் எழுதப்பட வேண்டும். தவறு யாருடையது என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல், வேலை செய்தவருக்கு, அவர் தீயணைப்புத் துறையினரானாலும் ஊராட்சியானாலும் தனியார் குழுவானாலும், குறித்த நாட்களுக்குள் பணம் செல்ல வேண்டும். அபாயச் சரக்கை அனுப்புகிறவர் பிரீமியத்தில் பங்கேற்க வேண்டும். தொகையின் வரம்பு விலைவாசியை அனுசரித்துக் காலந்தோறும் உயர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கட்டணத்தையும் பொறுப்பின் அளவையும் விதிகளின் மூலமே வகுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. உடைமைச் சேதத்தின் வரம்பை உயர்த்தும் வேலையையாவது அது நாளையே தொடங்கலாம். சட்டத்தைத் திருத்தி மற்றவற்றைச் சேர்ப்பது அதற்கு அடுத்த படி.

சரக்குப் போக்குவரத்தின் செலவு டீசலோடும் டயரோடும் முடிந்துவிடுவதில்லை. சிந்தியதை அள்ளும் செலவும் அதில் ஒரு பகுதி. அதை வாடகையில் சேர்த்தால் நாம் வாங்கும் பொருளின் விலையில் ஒரு சிறு துளியாக நம் எல்லோருக்கும் பங்காகும். சேர்க்காவிட்டால் அது மறைவதில்லை, மழைநாளில் வழுக்கி விழும் வழிப்போக்கர் ஒருவர் மேலும், வெறுங்கையால் அமிலத்தைக் கூட்டும் தொழிலாளி ஒருவர் மேலும் முழுப் பாரமாக இறங்குகிறது. எல்லோரும் சேர்ந்து தாங்கக்கூடியதைத் தாங்க முடியாத ஒருவர் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது தகாது. இந்தக் கடன் லாரித் தொழிலுக்கும், அதன்வழி சரக்கு அனுப்பி லாபம் காணும் தொழில்கள் அனைத்துக்கும் உரியது. அதை அவர்களால் எளிதில் தாங்க முடியும்படி செய்யும் ஒரே உபாயம் கட்டாயக் காப்பீடு.